ஆற்றை பிள்ளை என்று கேட்டவர்

லண்டன் விமான நிலையத்து லவுஞ்சில், நான் வாய்க்குக் கொண்டுபோன கரண்டி பாதியில் நிற்கும்படி ஒரு கேள்வி கேட்டுத்தான் தவநாயகி எனக்கு அறிமுகமானார்.

விம்பிள்டனில் பெரியம்மா மகன் யனுஷன் வீட்டில் மூன்று வார விடுமுறையைக் கழித்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். லவுஞ்சுக்கான அனுமதி அவனுடைய வங்கி அட்டையோடு வந்தது. போய் நல்லாச் சாப்பிடு என்று தந்துவிட்டிருந்தான்.

தவநாயகிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கறுப்புச் சீருடை, கையில் மேசை துடைக்கும் துணி. நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். கொழும்புக்கா என்றார். ஓம் என்றேன். அங்கிருந்து எங்கே என்றார். யாழ்ப்பாணம், கொடிகாமம் என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“கொடிகாமத்தில எவடம்? ஆற்றை பிள்ளை நீங்கள்?”

மூன்று வாரத்தில் இரண்டு கல்யாண வீடு, ஒரு கோயில், ஒரு பிறந்தநாள் விழா. போன இடமெல்லாம் யாருடைய பிள்ளை என்ற இதைத்தான் கேட்டார்கள். ஊரில் தொடங்கி, ஒழுங்கைக்குள் நுழைந்து, அப்பாவின் பெயரில் ஏறி, சாதியில் போய் நிற்கும் கேள்வி இது. பதில் கிடைத்ததும் தேத்தண்ணிக் கோப்பையோடு அடுத்த மேசைக்குப் போனவர்களும் உண்டு. என் அப்பா பனை சீவிக் கள் இறக்கியவர். எங்கள் ஒழுங்கையிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பேராதனையில் எஞ்சினியரிங் முடித்தவன். இரண்டையும் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

“அப்பா சீவல் தொழில். நான் எஞ்சினியர். காணுமோ அன்ரி, இன்னும் ஏதும் அறிய வேணுமோ?”

“உங்கடை அப்பான்ரை தொழிலை ஆர் கேட்டது?”

“பின்னை ஏன் ஆற்றை பிள்ளையெண்டு கேட்டனீங்கள்?”

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். தவநாயகி துணியோடு அடுத்த மேசைக்குப் போனார். அப்படிப் போனதே எனக்குப் பதிலாகப் பட்டது. எழுந்து போய் மேற்பார்வையாளர் கத்தரினிடம், உங்கள் பணியாளர் பயணியின் சாதியை விசாரிக்கிறார் என்று முறையிட்டேன். எழுதித் தரச் சொன்னார். ஆங்கிலத்தில் ஒரு முழுப் பக்கம் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

சற்று நேரத்தில் கத்தரினின் அறையிலிருந்து வெளியே வந்த தவநாயகி, நேரே என்னிடம் வந்து, பாதிச் சோறு கிடக்கவே தட்டைத் தூக்கினார்.

“நான் இன்னும் முடிக்கேல்லை.”

“என்ரை வேலையை முடிச்சிட்டியள். நாளைக்கு வர வேண்டாமாம். நல்ல இங்கிலீசாம் நீங்கள் எழுதினது.”

தட்டைப் பிடித்தபடி நின்றே மிச்சத்தையும் சொன்னார். கணவர் இறந்த பிறகு, அவருடைய தம்பி கொடிகாமத்துக் காணியின் வேலியைத் தள்ளிப் போட்டு, காணியே தனதென்று வழக்காடுகிறார். நாளை மறுநாள் காலை சாவகச்சேரி நீதிமன்றத்தில் வழக்குத் தவணை. மூல உறுதியை, காணியின் அசல் பத்திரத்தை, காட்டாவிட்டால் காணி போய்விடும் என்று அவருக்காக வாதாடும் சட்டத்தரணி சொல்லிவிட்டார். உறுதியைக் கொண்டுபோக இருந்த ஞானேஸ்வரன் என்ற உறவினர் நேற்றுக் காய்ச்சலில் படுத்துவிட்டார். இனி எந்தத் தபாலும் நேரத்துக்குப் போகாது. ஊருக்குப் போகிற யாராவது கையில் கொடுத்துவிடுவதுதான் நம்மவர் வழக்கம். அதற்காகக் காலையிலிருந்து கொழும்புப் பயணிகளைப் பார்த்து நின்றிருக்கிறார். ஆனால் மைத்துனரின் சொந்தக்காரர் கையில் அகப்பட்டால் உறுதி அடுப்புக்குள் போய்விடும். ஆற்றை பிள்ளை என்று கேட்டது அதற்காம்.

“நான் அவையின்ரை ஆளில்லையெண்டு இப்ப எப்பிடித் தெரியும்?”

“அவையின்ரை பகுதியில ஆரும் பனை ஏறினதில்லை. உங்களிட்டைத் தரலாம்.”

சுற்றி வளைத்துக் கடைசியில் சாதியிலேயே வந்து நின்றார். எனக்கு நற்சான்று எழுதியது பேராதனை அல்ல, அப்பாவின் பனைதான்.

சட்டத்தரணியின் பெயரையும் தன் போன் இலக்கத்தையும் எழுதி ஒட்டியிருந்த உறுதி உறையை நீட்டினார். வாங்கி உடைத்து, பக்கம் பக்கமாகப் பார்த்தேன்.

“என்ன, தூள் கடத்திறனெண்டு பாக்கிறியளோ?”

“முன்பின் தெரியாத ஆள் தாறதைப் பாக்காமல் கொண்டுபோக எனக்கு விசரோ?”

மனமிரங்கித்தான் வாங்கினேன் என்று சொல்லமாட்டேன். காட்டுவதற்கு உறுதி இல்லாததால் குடியிருந்த நிலத்தைவிட்டு ஒரே நாளில் எழும்பிய குடும்பம் எங்களுடையது. எந்தப் பகுதி ஆளுக்கும் அது நடக்கக்கூடாது. விமானம் ஏறுமுன் கத்தரினிடம் போய் முறைப்பாட்டைத் திருப்பிக் கேட்டேன். மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று என்றார். ஊரிலிருந்து இரண்டு மின்னஞ்சலும் அனுப்பினேன். பதில் வரவில்லை.

கொழும்பில் இறங்கி, பஸ் பிடித்து, தவணையன்று காலை எட்டரைக்கு நீதிமன்ற வாசலில் சட்டத்தரணியின் கையில் உறுதியைக் கொடுத்தேன். கொடுத்ததைச் சொல்லத் தவநாயகிக்குப் போன் எடுத்தேன். சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எட்டு மாதத்தில் வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது.

தவநாயகி இப்போது லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்கிறார். காணி அவர் பெயரில் இருக்கிறது. என்னோடு பேசுவதில்லை.