முட்டி வீங்கிய ஆட்டக்காரர்

ஒருவரைப் பார்க்கவே அஞ்சி அப்பா இத்தனை வருஷம் இருந்திருக்கிறார். அவரே தேடி வந்தால் கதவைத் திறப்பதா? எனக்குத் தெரியவில்லை.

இன்று கும்மிடிப்பூண்டி மருந்துக்கடையில், காலை இழுத்து நடந்த ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார்.

"கோச் சார் பொண்ணுதானம்மா நீ? அதே மூஞ்சி. நான் ஏழுமலை. சார் எப்படிக் கீறாரு? நாளைக்கு ஊட்டாண்ட வர்றேன்."

1970களில் அப்பா ஒரு கல்லூரிக் கபடி அணியில், பாடி வரும் எதிராளியைப் பிடிக்கிறவர்களுக்கு மட்டும் பயிற்சியாளர். எதிரணிப் பக்கம் பாடிப் போனவர்களுக்கு ரயில்வேயிலும் போலீஸிலும் வேலை கிடைத்தது. பிடித்தவர்களை யாரும் கேட்கவில்லை.

ஓர் இறுதி ஆட்டத்தில், முட்டி வீங்கியிருந்த ஏழுமலையை, முட்டியில் துணி சுற்றி ஆட இறக்கிவிட்டார் அப்பா. கோப்பை வந்தது. ஏழுமலையின் கால் சரியாகவில்லை. அப்பா அதோடு பயிற்சியை விட்டார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னதும், "வர வேணாம்னு சொல்லிடு" என்றார்.

"நம்பர் வாங்கலப்பா."

"எம்.ஏ. படிச்சு இன்னா புண்ணியம்?"

அப்பா இன்னும் சாப்பிடவில்லை. உங்கள் வீடாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

மறுநாள் சேர்த்தது: ஏழுமலை வந்தார். காலை நீட்டித்தான் உட்கார முடிந்தது.

"பேத்தி காலேஜ் டீமுல பிடிக்கிறா சார். கணுக்கால் பிடி நீங்கதான் சொல்லித் தரணும்."

அப்பா அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரச் சொல்லு. முட்டி வீங்குனா மட்டும் ஆட விடாத. கோச்சே சொன்னாலும் விடாத."

"சரி சார்" என்றார் ஏழுமலை.

அன்றைக்கு அப்பா துணி சுற்றியபோதும் அவர் இதே "சரி சார்"தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.