தண்ணீர் படாத கோப்பை

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் காதில் விழுவது "அங்கயே நில்லுங்க" என்ற அம்மாவின் குரல்தான். பிறகு ஒரு துண்டு கைக்கு வரும். தலையைத் துவட்டி, குடையை வெளியே சாத்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தரை அழுக்காகிவிடும் என்று அம்மா பார்க்கிறாள் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். காரணம் பீரோவின் மேல் இருந்தது. சுடாத களிமண் கோப்பை ஒன்று.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் சூளைக்குப் போகாத சாமானைப் பச்சை என்பார்கள். அம்மாவுக்கு அங்கே ஃபினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த கோப்பையின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். உடைந்த பச்சையையும் கோணிய பச்சையையும் யாரும் குப்பையில் போடுவதில்லை. தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டால் கரைந்து மறுபடி களிமண் கூழாகி, மறுபடி அச்சுக்குள் போகும். பச்சை வெளியே போகக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அம்மா ஒன்றே ஒன்றை வெளியே கொண்டுவந்தாள்.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வரவில்லை என்பதால் அம்மாவோடு கம்பெனிக்குப் போய் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளாம். ஒருநாள் அச்சிலிருந்து அப்போதுதான் வந்த கோப்பையின் பக்கவாட்டில் கட்டை விரலை அழுத்திவிட்டாள். அம்மா திட்டிவிட்டு, அதைத் தொட்டிக்கென்று ஒதுக்கி வைத்தாள். அந்த வாரமே அக்கா இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்து அம்மா வேலைக்குப் போனபோது அந்தக் கோப்பை பலகையில் அப்படியே காய்ந்து நின்றது. சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாராம்.

அக்காவுக்குப் போட்டோ கிடையாது. அவள் முகம் எனக்குத் தெரியாது. அவளுக்குப் பிறகு பிறந்தவள் நான். அந்த விரல் பள்ளம் ஒன்றுதான் அவள் இருந்ததற்குச் சாட்சி.

அப்பா ஒருமுறை சொன்னார். "குடு, சூளையில வச்சு எடுத்தாந்துடறேன். கல்லு மாதிரி நிக்கும்."

"சுட்டா சுருங்கும்" என்றாள் அம்மா. "வெரலு சின்னதாப் பூடும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கோப்பை அதே அளவில் இருந்தது. வீடுதான் அதற்கேற்ப மாறியது. பீரோ இருந்த அறைக்குள் தண்ணீர்ச் செம்பு போகாது. ஓடு ஒழுகினால் அடுப்படியை விட்டுவிட்டு முதலில் பீரோவுக்கு மேல்தான் தார்ப்பாய் கட்டுவோம். கம்மாபுரத்திலிருந்து வரும் அத்தை, ஈரத் தலையோடு வாசலில் நின்றபடியே கேட்பாள்: "ஏம் பொண்ணு, அந்தக் கப்புக்குக் குடுக்கற மரியாதையில கால்வாசி எனக்குக் குடுப்பீங்களா ரெண்டு பேரும்?"

"நீங்க நனைஞ்சா காஞ்சிருவீங்க, அண்ணி" என்பாள் அம்மா. அத்தை சிரிப்பாள். அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான், முதலில் கல்லூரிக்குப் போனவளும் நான்தான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிவந்த அன்று அதைத் தெருவில் எல்லாரும் பார்க்கும்படி கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை, இன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து உள்ளே வைக்கும்போதுதான் மேலே பார்த்தேன். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அந்தச் சான்றிதழ் தருவார்கள். அவள் இருந்திருந்தால் அது அவளுடையது.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் சிறுகதைப் பாடம் எடுத்த மேடம் இருண்ட கதைகளை விரும்பிப் படிப்பவர். பேய் வராமலே பயமுறுத்தும் கதைகள். "கதை எதைப் பற்றியதோ அந்தச் சொல் கதைக்குள் வரவே கூடாது" என்பார். துக்கத்தைப் பற்றிய கதையில் துக்கம் என்ற சொல் வந்தால் வாசகர் அதைப் படித்துவிட்டுக் கடந்துவிடுவார். யாரும் திறக்காத ஒரு ஜன்னலை வைத்தால் அந்த ஜன்னலைவிட்டுப் போக மாட்டார். நான் அதை இப்படிப் புரிந்துகொண்டேன். ஒரு பொருளைக் காட்டு, அதற்கு ஒரு விதி போடு. அந்த விதியை எல்லாரும் ஏன் இவ்வளவு பயந்து காப்பாற்றுகிறார்கள் என்று வாசகர் யோசிக்கத் தொடங்கினால், கதையின் கரு தானே வெளியே வரும். ஆளுக்கொரு கதை எழுதிவரச் சொன்னார். மற்றவர்கள் பொருள் தேடி அலைந்தார்கள். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

என் கதையில் குழந்தை இல்லை. ஒரு பெண் தனியாக இருக்கிறாள், அவளிடம் ஒரு பச்சைக் கோப்பை இருக்கிறது. அதன்மேல் ஈரம் படாமல் பார்த்துக்கொள்வதே அவளுடைய வாழ்க்கை. ஏன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. கடைசியில் அவளே அதில் தண்ணீர் ஊற்றுகிறாள். அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கதைக் கணக்கிலிருந்துதான் வந்தது. தண்ணீர் படக்கூடாது என்று முதல் பத்தியில் எழுதிவிட்டால் கடைசிப் பத்தியில் தண்ணீர் வந்தே தீரும். போனதை விட்டுவிடுவது, அதுதான் என் கதையின் கரு என்று நினைத்திருந்தேன்.

மேடத்துக்குப் பிடித்திருந்தது. கல்லூரி மலருக்குக் கேட்டார். அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவுக்குப் படித்துக்காட்ட ஆசைப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். போனில் இருந்த கதையைப் படித்தேன். கோப்பை என்று வந்ததும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கீரையைப் பார்த்தாள். கடைசி வரியில் அவள் கை நின்றுவிட்டது.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"எதம்மா?"

"தண்ணி கேட்டத."

எனக்குப் புரியவில்லை. அப்பா சொன்னாரா, அத்தை சொன்னாளா என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை, நானாக எழுதினேன் என்றேன். அம்மா நம்பவில்லை. இலை போன காம்பையே உருவிக்கொண்டு சொன்னாள்.

"ஒங்கக்காவ வயித்து வலின்னு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். ஆபரேசன் பண்ணணும், வாயில ஒண்ணும் குடுத்துராதீங்கன்னாங்க. அவங்க சொன்னது நாயந்தான், பாப்பா. இவதான் தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. பாட்டிலு எங் கையிலதான் இருக்குது. ஈரத் துணிய ஒதட்டுல வைக்கலாம்னு பாத்தேன், உறிஞ்சிப்புடுவாளோன்னு வைக்கல. அப்பறம் அவ கேக்கல."

இத்தனை வருடம் அந்தக் கோப்பையின் கீழே வளர்ந்திருக்கிறேன். தண்ணீர் காட்டக் கூடாத ஒன்று வீட்டின் உச்சியில் வாய் திறந்து உட்கார்ந்திருந்ததை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை என் கதை எப்படித் தெரிந்துவைத்திருந்தது? பொருளை நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்று எழுதுகிறவர்கள் நினைக்கிறோம். அன்றைக்கு எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

"மலர்ல போட வேணாம்மா, நான் திருப்பி வாங்கிடறேன்" என்றேன்.

"எதுக்கு? நல்லாத்தான் எழுதிருக்கிற" என்றாள். கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தேன். மழை இல்லை, நல்ல வெயில். கதவைத் திறந்ததும் புதுமழை பெய்த மாதிரி மண் வாசனை அடித்தது. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு சில்வர் தட்டு, தட்டில் கோப்பை. கையில் செம்பு.

"தாகமா இருக்குமேன்னு ஊத்துனேன்" என்றாள்.

கோப்பை இன்னும் நின்றுகொண்டிருந்தது. காய்ந்த மண் தண்ணீர் குடிக்கும்போது வரும் மெல்லிய சீறல் அதிலிருந்து வந்துகொண்டிருந்தது. சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பின. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் விளிம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. பிறகு சுவர் மெதுவாக உள்வாங்கியது. விரல் பள்ளம் இருந்த பக்கம் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனாலும் தெரியவில்லை.

"ஒன் கதையில அப்பறம் அந்தப் பொம்பள என்ன பண்ணா?"

என் கதை தண்ணீர் ஊற்றுவதோடு முடிந்துவிட்டிருந்தது. அதற்குமேல் நான் எழுதவில்லை. மேடம் பாராட்டிய முடிவு அது. "தெரியலம்மா" என்றேன்.

அம்மா தட்டிலிருந்த கூழைக் கையால் வழித்து டிபன் பாக்ஸில் போட்டு மூடினாள். திங்கட்கிழமை அதைக் கம்பெனிக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினாள். எந்த அச்சுக்குப் போயிருக்கும் என்று நான் கேட்டதற்கு, "கப்போ பொம்மையோ, யாருக்குத் தெரியும்" என்றாள்.

கதை மலரில் வந்தது. முடிவை நான் மாற்றவில்லை. வெள்ளைக் கோப்பை எது கைக்கு வந்தாலும் குடிப்பதற்கு முன் என் கட்டை விரல் அதன் பக்கவாட்டைத் தடவிப் பார்க்கிறது. எல்லாமே வழவழப்பாகத்தான் இருக்கின்றன.

பீரோவின் மேல் இப்போது ஒன்றுமில்லை. நேற்று நல்ல மழை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நனைந்துகொண்டே வந்தேன். அம்மா உள்ளேதான் இருந்தாள், "அங்கயே நில்லு" என்று குரல் வரவில்லை. ஆனாலும் நான் வாசலிலேயே நின்றேன். அவள் துண்டோடு வந்தாள்.