முட்டை மெத்தையில் எலுமிச்சை மணம்

அக்கா வீட்டுக்காரருக்கு எரிவாயு அலுவலகத்தில் வேலை. வீடு வீடாகப் போய் அடுப்பையும் குழாயையும் சோதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். தெருக்களில் அவருக்கு 'மூக்கு சார்' என்று பெயர். முகத்தில் அது அளவாகத்தான் இருக்கும். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "முந்தாநாள் பால் பொங்கியிருக்கு. பர்னருக்கு அடியில யாரும் துடைக்கல. சரிதானே?" என்பார். அந்த வீட்டுப் பெண் கணவனைத் திரும்பிப் பார்ப்பாள். துடைக்காதது யார் என்பதும் அதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

பதினான்கு வருடம் பகலெல்லாம் பிறர் சமையலறைகளில் கழித்தவர். ஜன்னலோரம் கவிழ்த்துக் காய்கிற கண்ணாடிக் குவளைகள், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய கோணல்மாணல் யானை, குழாயடியில் யாரோ கழற்றி வைத்து மறந்த மோதிரம் என்று மாலையில் எங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார், கடல் தாண்டிப் போய் வந்தவர் மாதிரி.

மழைக்காலத்தில் அவருக்கு நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் அது கிளம்பிப் போனது. போகும்போது வாசனைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபி, சோப்பு, புதுச் செருப்பு, மகளின் தலைமுடி எல்லாமே அவருக்கு வெறும் தண்ணீராக இருந்தன.

அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர்கள் அலுவலக விதி அப்படி. சோதிக்கப் போகிறவர் முதலில் மூக்கால் பார்க்க வேண்டும், பிறகு கசிவு காட்டும் மீட்டரால், பிறகு மூட்டுகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூக்கு வேலை செய்யாதவரைத் தெருவுக்கு அனுப்பமாட்டார்கள். அந்தச் சமையலறைகள் எல்லாம் ஒரே நாளில் கதவைச் சாத்திக்கொள்ளும் என்ற பயம் அவருக்கு. மூன்று மாதம் மீட்டரையும் குமிழியையும் வைத்தே ஓட்டினார். ஒரு மூட்டுக்கு ஒரு தடவை தடவுகிற இடத்தில் நாலு தடவை தடவினார்.

இதெல்லாம் பின்னால் அவரே சொல்லித்தான் தெரியும். அப்போது எங்கள் கண்ணில் பட்டது ஒன்றுதான். அத்தான் எதையும் நெடுநேரம் பார்க்க ஆரம்பித்திருந்தார். பால் காய்வதை, வாளியில் நுரை அடங்குவதை, வெயில் தரையில் நகர்வதை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எங்கள் வீட்டு அடுப்பு அவருடையது. அக்கா வாரத்தில் ஆறு நாள் ஒரு கடையில் திரைச்சீலை தைப்பவள். ஏழாம் நாள் எட்டு மணி வரை அவளை யாரும் எழுப்பக் கூடாது. அதற்குள் அத்தான் காய்கறி ஃப்ரிட்டாட்டா, அதாவது காய்கறி போட்ட தடித்த முட்டை அடை, செய்து வைப்பார். சோதனைக்குப் போன வீடொன்றில் கற்றுக்கொண்டது. "எல்லாம் ஒரே சட்டியில சார், திருப்பிப் போடவே வேணாம்" என்று அந்த வீட்டம்மா சொல்லச் சொல்ல, படிவத்தின் பின்பக்கம் எழுதி வந்தார். ஒன்பது வயது மகளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. முட்டை மெத்தை என்று வைத்துவிட்டாள். அவளுக்கு எங்கள் வீட்டில் வாலு என்று பெயர்.

அந்த ஞாயிறும் ஜன்னல் திறந்திருந்தது. நான் கூடத்து நாற்காலியில் புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டு அடுப்படியைப் பார்த்தபடி இருந்தேன். அத்தான் வெங்காயத்தை வளையம் வளையமாக அரிந்தார். சிவப்புக் குடைமிளகாய், காளான், ஒரு பிடி கீரை. காளான் சட்டியில் விழுந்ததும் கொஞ்ச நேரம் அழுதது. அழுது முடியும் வரை அவர் கரண்டியைத் தொடவில்லை.

"தண்ணி வத்தாம முட்டைய ஊத்தினா மெத்தை நனைஞ்சிடும் மச்சான்" என்றார், என்னைப் பார்க்காமலே.

ஆறு முட்டை, கால் குவளைப் பால், உப்பு, மிளகு. அடித்த கலவை மஞ்சளாகப் பாத்திரத்தில் சுழன்றது. ஊற்றுவதற்கு முன்னால் சட்டியின் உள்சுவரில் தூரிகையால் எண்ணெய் தடவுவார். இல்லாவிட்டால் முட்டை சுவரைப் பிடித்துக்கொண்டு வராது.

அடுப்போரம் இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் எண்ணெய். இன்னொன்றில் எலுமிச்சைச் சோப்பு கரைத்த நீர். சனிக்கிழமை தோறும் சொந்த வீட்டு அடுப்பையும் சோதிப்பது அவர் வழக்கம். முந்தின நாள் சோதித்த சோப்புக் கிண்ணத்தை எடுத்து வைக்க மறந்திருந்தார். இரண்டும் ஒரே வெளிர்மஞ்சள். இரண்டு தூரிகையும் ஒரே கடையில் ஒன்றாக வாங்கியவை.

அவர் கை சோப்பு நீருக்குப் போனது. அடுப்பருகே தூரிகை எடுத்தால் பதினான்கு வருடமாக அது போகிற இடம் அதுதான். மூக்கு இருந்திருந்தால் பாதி வழியில் நிறுத்தியிருக்கும்.

முட்டையை ஊற்றி, தீயைக் குறைத்து, மூடி போட்டார். கொஞ்ச நேரம் வீடே மூடிக்குள் இருப்பது போல் அமைதி. பிறகு திறந்தார். ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழிகள், மணி கோத்த மாதிரி, சுவரில் ஏறிக்கொண்டிருந்தன.

"மச்சான், இங்க வந்து பாரேன்! என்னமா எழும்புது!"

அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எழுந்து போனேன். இரண்டடி வைத்ததுமே எலுமிச்சை வந்து மோதியது. சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அதற்குள் அக்கா கலைந்த தலையோடு வந்து நின்றாள். "காலங்காத்தால யாரு பாத்திரம் தேய்க்கறது?"

"யாரும் தேய்க்கலையே."

தொட்டியைப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. அதற்குள் வாலு ஓரத்திலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டிருந்தாள். ஓடிப்போய்த் துப்பினாள்.

"அம்மா! இன்னிக்கு மெத்தை குளிச்சிட்டு வந்திருக்கு!"

"ஏய், வாய மூடு. நல்லாத்தான் வந்திருக்கு" என்றார் அத்தான்.

அக்கா சட்டியிலிருந்து ஒரு துண்டைத் தட்டில் வைத்து அவர் மூக்கருகே நீட்டினாள். "இதுல என்ன வாசனைன்னு சொல்லுங்க."

அவர் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். "வெங்காயம்."

"அப்புறம்?"

"மிளகு."

"அப்புறம்?"

"குடைமிளகாய்." அவருக்கு உள்ளே என்ன போட்டோம் என்பது தெரியும். அதை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அறை முழுக்க எலுமிச்சை நின்றது, அழைக்காமல் வந்த விருந்தாளி போல. அவரைத் தவிர எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். "எத்தனை நாளா?"

அவர் இரண்டு கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "காய்ச்சலுக்கு அப்புறம்."

"நான் ஷாம்பு மாத்தி ரெண்டு மாசமாச்சு. வழக்கமா முதல் நாளே கேப்பீங்க. இந்தத் தடவ ஒரு வார்த்த கேக்கல. சரி, இனி நம்மள எங்க கவனிக்கப் போறாருன்னு விட்டுட்டேன்."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல."

"பின்ன எப்படி?"

அப்போதுதான் சொன்னார். போன வாரம் மூன்றாம் மாடி வீடொன்றில், 'லேசா கேஸ் வாசனை வருதே சார்' என்றாள் அந்த வீட்டம்மா. 'ஒண்ணும் இல்லம்மா' என்று இவர் படிவத்தை மடித்துவிட்டார். மீட்டரும் சும்மா இருந்தது. மின்கலம் தீர்ந்துபோனது அவருக்குத் தெரியாது. அந்த அம்மா விடவில்லை. மறுபடி சோப்பு நீரைத் தடவிப் பார்த்தபோது அடுப்புக்குப் பின்னால் ரப்பர் குழாய் மூட்டில் ஒரே ஒரு குமிழி. கடுகளவு. அதுவும் யோசித்து யோசித்து வந்தது.

"நாளைக்குப் போய் ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்றாள் அக்கா.

"சொன்னா உக்கார வெச்சிடுவாங்கம்மா. இனிமே யார் வீட்டுக்குள்ளயும் விடமாட்டாங்க."

"விடாட்டிப் போகுது. அந்த அம்மா பிடிவாதக்காரியா இருந்தாங்க, சரி. அடுத்த வீட்ல வாயில்லாப் பூச்சி ஒருத்தி இருந்தா?"

அவர் சட்டியை எடுத்துப்போய்த் தொட்டியில் போட்டார். மெத்தை தண்ணீரில் மிதந்தது, சின்ன மஞ்சள் தீவு மாதிரி. அன்று எங்களுக்கு ரொட்டிதான்.

திங்கட்கிழமை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். மேலதிகாரி, 'மூணு மாசமா? மூணு மாசமாய்யா?' என்று அதையே ஏழெட்டு முறை கேட்டாராம். சோதனைக் கருவிகள் இருந்த தோள்பையை வாங்கி வைத்துக்கொண்டார். அத்தான் கையெழுத்துப் போட்ட வீடுகளுக்கெல்லாம் இரண்டு பேரை மறுபடி அனுப்பினார்கள். எதிலும் கசிவு இல்லை. "அது என் கெட்டிக்காரத்தனம் இல்ல, அதிர்ஷ்டம்" என்று அத்தானே சொன்னார். மருத்துவர், வாசனை வரலாம், வராமலும் போகலாம், தெரிந்த பொருள்களைத் தினமும் முகர்ந்து பாருங்கள் என்றார்.

தெருவுக்கு அனுப்பவில்லை. பயந்தபடியேதான் நடந்தது. புகார் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

முதல் நாள் மாலை வந்ததும் நேராகப் போய்ப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "இன்னிக்கு ஒரு அம்மா, 'அழுகின முட்டை வாசனை சார்'ங்கறாங்க. இன்னொருத்தர் 'ஈரத்துணிய மடிச்சு வெச்ச மாதிரி'ங்கறார். ஒரு பொண்ணு, 'எங்க வீட்டுக்காரர் காலுறை மாதிரி இருக்கு, ஆனா அவர் ஊர்ல இல்ல'ன்னுச்சு. உடனே ஆளை அனுப்பினேன்."

அலுவலகம் கொடுத்த அட்டையில் அவர் கேட்க வேண்டிய கேள்விகள் நாலுதான். இவர் பத்து கேட்டார். கிட்டப் போனால் கூடுகிறதா, தொண்டையில் தங்குகிறதா, இதற்கு முன்னால் எங்கே அப்படி மோந்தீர்கள். கண்ணை மூடிக் கேட்பாராம். ஊரெல்லாம் தன் வாசனைகளைக் கம்பி வழியே அவர் காதில் ஊற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு வாலு உட்கார்ந்திருந்தாள். அடுப்போரம் ஒரே ஒரு கிண்ணம்.

"வணக்கம், புகார் பிரிவு. என்ன வாசனை வருது சொல்லுங்கம்மா."

"வெங்காயம் சார். இப்பதான் காரம் போய் இனிப்பா மாறுது."

"கிட்டயா, தூரத்துலயா?"

"என் மூக்குக்குள்ளயே இருக்கு சார்."

காளான், கீரை, முட்டை, மூடி. நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வெயில் தரையில் ஒரு கட்டம் நகர்ந்தது.

"சார், பால்ல செஞ்ச கேக் மாதிரி வருது. சார்! இப்ப லேசா கருகப் போற வாசனை. அடுப்ப அணைங்க சார், உடனே!"

அவர் அணைத்தார். மூடியைத் திறந்தால் நடுவில் இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது; அடியைக் கத்தியால் தூக்கிப் பார்த்தார், பொன்னிறம். ஒரு நிமிடம் விட்டிருந்தால் போயிருக்கும்.

அக்கா குளித்துவிட்டு, தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே வந்தாள். அவர் தட்டை வைத்துவிட்டு அவள் பக்கம் குனிந்தார். கண்ணை மூடி, மெதுவாக, நெடுநேரம் மூச்சை இழுத்தார்.

"என்ன ஷாம்பு?" என்று கேட்டாள்.

"சொல்லேன்."

"நான் ஏன் சொல்லணும்? நீங்களே கண்டுபிடிங்க. எனக்கென்ன அவசரம்?"

"அடுத்த வாரம் சொல்றேன்" என்றார் அத்தான். மூடிய கண்ணைத் திறக்கவில்லை.