ஊருக்கே உள்ள நீலக் கோடு

தங்கச்சிமடத்தில் மரியபுஷ்பத்தின் பல்லுக்குத் தனிப் பேர் உண்டு. வீச்சுவலையின் அடிக்கயிற்றில் ஈயத்தகட்டுத் துண்டைச் சுற்றி அவள் பல்லால் கடித்து இறுக்கினால், வலை கிழிந்தாலும் அந்த ஈயமணி கழலாது என்பார்கள். நாலைந்து துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டே ஊர்வம்பும் பேசுவாள். அந்தப் பல்லுக்கும் ஈடு கிடையாது, அந்த வாய்க்கும் கிடையாது.

ஆனால் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மூன்று முறை உண்டாகி, மூன்றும் மாசம் நிறையாமலே போயின. புருஷன் அருளப்பன் ஒரு சொல் சொன்னதில்லை. மாமியார் செபஸ்தியம்மாளும் சொன்னதில்லை. அவர்கள் வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று புஷ்பம் நினைத்ததுண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் நான்காவது முறை உண்டானபோது, மாமியார் அவளைத் தரையில் கால் பாவ விடவில்லை.

"நீ தண்ணிக்கும் போக வேணாம், கரைக்கும் போக வேணாம். இங்கன உக்காந்து மணி மட்டும் கட்டு. மேலுக்கு நோவில்லாத காரியம்."

அந்த ஊரில் பிள்ளைத்தாச்சிக்கு ஓய்வு என்றால் அதுதான். அக்கம்பக்கத்து வலையெல்லாம் அவள் மடிக்கு வந்தது. யாரும் வஞ்சகமாகச் செய்யவில்லை, எல்லாம் அக்கறைதான். அந்த அக்கறையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஐந்தாம் மாசம் வயிற்றைச் சுருட்டிப் பிடித்து வலித்தது. மாமியார் அவளை ரயிலேற்றி ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மாளிடம் கூட்டிப் போனாள். கடற்கரைப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருந்தவள் அந்த டாக்டர். புஷ்பத்தின் வாயைத் திறக்கச் சொன்னவள், பல்லை ஒட்டி ஈறில் ஓடிய நீலக் கோட்டைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினாள். ஈய விஷமோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"அச்சாபீஸ், பெயிண்ட் வேலை ஏதாவது பார்க்கிறியா?"

"எங்க மாமி ஒரு துரும்பைத் தூக்க விடுறதில்லீங்க. சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"ஈறுல இந்தக் கோடு எப்ப வந்தது?"

புஷ்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது எங்கூருப் பொம்பளைக எல்லாருக்கும் இருக்குங்க. மாமி, காட்டுங்க."

செபஸ்தியம்மாள் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். அதே நீலம். வெளியே காத்திருந்த தங்கச்சிமடத்துக்காரி ஒருத்தியையும் டாக்டர் கூப்பிட்டுப் பார்த்தாள். அவளுக்கும் இருந்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது இயல்புபோல என்று நினைத்துக்கொண்டு, சத்து மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

புஷ்பம் நிம்மதியாக ஊர் திரும்பி, இன்னும் அதிகமாக மணி கட்டினாள்.

அடுத்த மாசம் அம்மை குத்த வந்தவர்களோடு அந்த டாக்டரும் ஊருக்கு வந்தாள். பனைமர நிழலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து ஈயத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வாயும் வயிறுமாகப் புஷ்பம். டாக்டர் நேரே அவள் முன்னால் வந்து நின்றாள்.

"வேலையே பார்க்கலைன்னியே!"

புஷ்பம் வாயிலிருந்ததைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: "இது வேலையா டாக்டரம்மா?"

"துப்பு! முதல்ல துப்பு!" டாக்டர் அவள் வாய்க்குக் கீழே கையை நீட்டினாள். "தப்பு என்மேலதான். எல்லாருக்கும் இருக்குன்னதும் நோயில்லைன்னு நினைச்சுட்டேன். கொஞ்சம் ஈயம் எல்லா மனுஷங்க உடம்புலயும் இருக்கும், ஆனா இப்படிக் கோடு போடாது. இந்த ஊர்ல எல்லாருக்கும் விஷம் ஏறியிருக்கு. வயித்துப் பிள்ளையை அது கொல்லும்."

"நான் எட்டுப் பெத்தவ டாக்டரம்மா," என்றாள் செபஸ்தியம்மாள் கோபமாக.

"எட்டுல எத்தனை தங்குச்சு?"

தங்கியது அருளப்பன் ஒருத்தன்தான்.

புஷ்பம் மடியிலிருந்த வலையைத் தள்ளினாள். "அப்ப எம் மூணு பிள்ளையவும் நானே கடிச்சுத் தின்னுட்டேனா?" என்று அலறினாள்.

எட்டாம் மாசத்திலேயே பெண் பிறந்தது. உள்ளங்கையில் அடங்கும் போல இருந்தாலும் உயிரோடு இருந்தது, அழுதது. மருத்துவச்சி அவசரமாகத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். செபஸ்தியம்மாள் அழுதுகொண்டே மாதாவைக் கும்பிட்டாள். அருளப்பன் பிள்ளையை வாங்கி, புஷ்பத்தின் முகத்தருகே கொண்டுபோனான்.

"ஒரு முத்தங் குடு புள்ள."

வாயைக் கழுவினால் போதும், பயமில்லை என்று டாக்டர் எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக் கொப்பளித்துப் புஷ்பத்தின் ஈறெல்லாம் புண்ணாகிக் கிடந்தது. புஷ்பம் உதட்டை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"நீங்களே குடுங்க. என் வாய் வேணாம்."