நெஞ்சுக்குப் பதில் காலடி

மகள் ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய கைமணிக்கூட்டில் நேரமும் தெரியும். ஆனால் அதை நேரம் பார்க்க யாரும் வாங்குவதில்லை. நடக்கும்போது இருதயம் நிமிடத்துக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்று அது எண்ணும். எண்ணியதை எனக்குக் காட்டும் அதே நொடியில் அவளுடைய ஃபோனுக்கும் அனுப்பிவிடும். வாரில் பதினெட்டுத் துளைகள் இருந்தன. என் கைக்கு ஒன்று போதும். மிச்சம் பதினேழையும் எந்தப் பூதத்தின் கையை நினைத்துக் குத்தினார்களோ தெரியாது.

இடக்கையில் நான் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்துச் சாவி மணிக்கூடு இருக்கிறது. ஆகவே புதியதை வலக்கையில் கட்டிக்கொண்டு, விடியப்புறம் வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் நடக்கப் போனேன். நான் கட்டை ஆள். கட்டை ஆளுக்குக் கால் எட்டாது, அடி கூடும். அதனால் வேகமாக நடப்பதாகத் தோன்றுமே தவிர, நெடுவலான ஆட்கள் கதைத்துக்கொண்டே என்னைக் கடந்து போவார்கள். முதல் நாள் வீடு திரும்பிச் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் ஃபோன் அடித்தது. இங்கே காலைத் தேநீர் நேரம், அங்கே முந்தின நாள் இராச்சாப்பாட்டு நேரம்.

"அப்பா, நூற்றி இருபத்தெட்டு! முழு நேரமும் சிவப்பில நிண்டிருக்கு. நெஞ்சு நோகேல்லையோ?"

"இல்லை."

"மூச்சு?"

"மூச்சு விட்டுக்கொண்டுதான் கதைக்கிறன்."

சிவப்பு என்றால் என்ன என்று விசாரித்தேன். இருநூற்றி இருபதிலிருந்து வயதைக் கழிக்க வேண்டுமாம். எனக்கு எழுபத்தெட்டு. கழித்தால் நூற்றி நாற்பத்திரண்டு. அதுதான் என் இருதயம் தாங்கும் உச்சம். அதில் பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டினால் சிவப்பு. உலகத்தில் எழுபத்தெட்டு வயதான எல்லாருக்கும், சுமை தூக்கியவனுக்கும் கதிரையைத் தேய்த்தவனுக்கும், ஒரே கழித்தல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கை ஒரு கருவிக்குள் வைத்து, அதற்கு நிறமும் பூசி விற்கிறார்கள்.

சிவப்பு தொடர்ந்தது. இரண்டாவது கிழமையில் மகள் தீர்ப்பைச் சொன்னாள். நானும் மனைவியும் இனித் தனியே இருக்க முடியாது. தொடர்மாடி வீட்டை விற்றுவிட்டுக் கனடா வர வேண்டும். வாங்குவதற்குத் தெரிந்த குடும்பமொன்றைப் பிடித்தும் விட்டாள். அவர்கள் அந்த மாதக் கடைசியில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. மூன்றாம் மாடி, இரண்டு அறை, யன்னலால் எட்டிப் பார்த்தால் ரெயிலும் கடலும். மார்க்கெட்டும் கோயிலும் மருந்துக்கடையும் கால் போகிற தூரத்தில். இவ்வளவும் ஒரு வாரில் கட்டிய பொத்தானின் சொல்லைக் கேட்டுப் போகப் பார்த்தது.

மனைவி தேங்காய் திருவிக்கொண்டே, "குளிருக்குள்ள போய் உங்கட முகத்தை மட்டும் பாத்துக்கொண்டிருக்கிறதோ நான்?" என்றாள். அவள் எந்தப் பக்கம் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

நான் அரசாங்கத்தில் பார்த்தது மழைமானிகளை மேற்பார்க்கும் வேலை. மழை, காற்று, வெப்பம் எல்லாவற்றையும் அளக்கும் கருவிகள் எங்கள் கையால் போய்த்தான் நாட்டில் நடப்பட்டன. அந்த வேலையில் முதல் நாள் கற்கும் பாடம் ஒன்று: கருவி பொய் சொல்லாது, ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவும் மாட்டாது. தான் நிற்கிற இடத்தைச் சொல்லும். பலா மரத்துக்குக் கீழே மழைமானியை நட்டால், மழை விட்ட பிறகும் அது மழையை அளந்துகொண்டிருக்கும்.

ஆகவே இது எங்கே நிற்கிறது, எதை அளக்கிறது என்று படித்தேன். மணிக்கூட்டின் அடியில் பச்சை விளக்கு இருக்கிறது. அது தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சும். இரத்தம் பச்சை ஒளியை விழுங்கும். இருதயம் ஒரு தடவை அடிக்க, மணிக்கட்டுக்கு ஒரு சிறு வெள்ளம் வரும். வெள்ளம் வரும்போது திரும்பி வரும் ஒளி குறையும், வடியும்போது கூடும். விளக்குக்குப் பக்கத்தில் உள்ள கண் இந்தக் கூடுதல் குறைதலை எண்ணும். இதுவரைக்கும் நல்ல யோசனைதான். கெட்டிக்காரர் யாரோ இருந்து செய்திருக்கிறார்.

கை ஆடினால்தான் கதை கெடும். கை ஆட மணிக்கூடு அசையும், தோல் இழுபடும், மணிக்கட்டில் இரத்தமும் தளும்பும். நடப்பவனுக்குக் கை ஆடாமல் இருக்குமா? அதற்காக உள்ளே அசைவை உணரும் இன்னொரு கருவியை வைத்திருக்கிறார்கள். அது கையாட்டத்தை எண்ணிச் சொல்ல, மணிக்கூடு அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை இருதயம் என்று காட்ட வேண்டும். ஒளி நன்றாகத் திரும்பி வந்தால் இது சரிவரும். வராவிட்டால் கழிப்பதற்கு மிச்சம் ஏது? அப்போது ஒழுங்கான தாளமாகக் கையில் அகப்படுவது கையாட்டம் மட்டும்தான். அதையே இருதயம் என்று காட்டிவிடும். தெரியாது என்று சொல்லி ஒரு கோடு போட்டிருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவியை வாங்க ஆள் வராது போலும்.

இதைப் படித்த மறுநாள் நடக்கும்போது அடிகளை எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு நூற்றி இருபத்தெட்டு. மணிக்கூட்டைப் பார்த்தேன். நூற்றி இருபத்தெட்டு. நின்று கழுத்தில் விரலை வைத்து எண்ணினேன். தொண்ணூற்றாறு. நின்றவுடன் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று வைத்தாலும் அவ்வளவு இறங்காது.

இன்னும் நிச்சயம் வேண்டும் என்று கடலோரச் சுவரில் குந்தினேன். நன்றாக இளைப்பாறினேன். பிறகு இருந்தபடியே வலக்கையை மட்டும் நடக்கும் வேகத்தில் முன்னும் பின்னும் வீசினேன். மணிக்கூடு எழுபத்திரண்டிலிருந்து ஏறத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, தினமும் என்னைக் கடந்து போகும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் வந்து சேர்ந்தார்.

"என்ன ஐயா, கப்பலுக்குக் கை காட்டுறியளோ?"

"பரிசோதனை."

"ஆருக்கு? கடலுக்கோ?"

"இஞ்ச பாருங்கோ. நான் இருக்கிறன். நெஞ்சு ஓடுதாம்."

அவர் குனிந்து பார்த்தார். நூற்றி இருபத்தைந்து. "அப்ப எனக்கும் ஒண்டு வாங்கவேணும். வீட்டில இருந்து கையை ஆட்டினால் டொக்டர் சொன்ன நடை முடிஞ்சுபோம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மகளுக்கு இதை விளக்கினேன். பச்சை விளக்கு, கையாட்டம், கழித்தல் எல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். எனக்கு அந்தப் பொறுமைதான் பிடிக்கவில்லை.

"அப்பா, நீங்கள் இஞ்ச வராமல் இருக்கிறதுக்கு விஞ்ஞானம் கதைக்கிறியள்."

"கையை ஆட்டிப் பாத்தனான் பிள்ளை!"

"சரி. ட்ரெட்மில் டெஸ்ட் செய்யுங்கோ. அதில நல்லா வந்தால் நான் வாயே திறக்கமாட்டன். பிழையா வந்தால் வீட்டை விக்கிறது. ஓமோ?"

ஓம் என்றேன்.

பொரளைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அங்கே இருந்த சிங்களத் தாதிப் பிள்ளை, "அங்கிள், பய வென்ன எப்பா" என்றது. பயப்பட வேண்டாமாம். சொல்லிக்கொண்டே நெஞ்சு மயிரைச் சவரம் செய்தது. ஸ்பிரிற் பூசியது. பிறகு தேய்கடுதாசி போன்ற ஒன்றால் தோலை உரசியது. செத்த தோல் மின்சாரத்தை மறிக்குமாம். உரசிய இடங்களில் களிம்பு வைத்த வில்லைகளை ஒட்டியது. எண்ணினேன், பத்து. சாதாரண ஈசிஜி எடுக்கும்போது கையிலும் காலிலும் மாட்டும் நாலையும் இங்கே தோளடிக்கும் அடிவயிற்றுக்கும் கொண்டுவந்திருந்தார்கள். கையும் காலும் ஆடும், தசையும் தன் பாட்டுக்கு மின்சாரம் உண்டாக்கும், அது இருதயத்தின் கோட்டைக் குழப்பும் என்பதால். ஆடாத இடத்தில் கருவியை வை. இது மழைமானிக்காரனுக்கு விளங்கும் புத்தி. அந்த அறையில் நான் இகழாத ஒரே விடயம் அதுதான்.

டொக்டர் இளம் ஆள், தமிழர். கண்ணை என்னில் வைக்காமல் திரையில் வைத்திருந்தார்.

"எத்தினை அடிக்குதெண்டு பாக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"அதில்லை ஐயா. எண்ணிக்கை சும்மா. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கூர் எழும்புதல்லோ, அதுக்குப் பிறகு வாற சின்ன மட்டக்கோட்டைப் பாக்கிறன். இருதயத் தசைக்கு இரத்தம் காணாட்டில் அது கீழ இறங்கும். அதுதான் கதை."

மகள் இத்தனை நாளும் பார்த்தது சும்மா எண்ணிக்கையை என்று ஒரு வைத்தியர் வாயாலேயே வந்தது. அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாமோ என்று ஒரு கணம் யோசித்தேன்.

ட்ரெட்மில்லில் ஏறினேன், பட்டி ஓடத் தொடங்கியது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் கூடும், மேடும் கூடும். எங்கேயும் போகாமல் மலை ஏறும் வித்தை. கட்டை ஆளுக்கு மேடு இரட்டிப்பு. முன்னால் உள்ள கம்பியைப் பிடித்தேன்.

"அங்கிள், தொங்க வேணாம். தொட்டா போதும்" என்றது பிள்ளை.

"தொங்கேல்லை. பிடிச்சிருக்கிறன்."

"தொங்கினா பொய் மார்க்ஸ் வரும் அங்கிள்."

இரண்டாவது மேட்டில் எனக்கு வியர்த்து ஊற்றியது. தொடை எரிந்தது. நெஞ்சுக்குள் உண்மையாகவே அடிக்கிற சத்தம் காதுக்குக் கேட்டது. அந்த நேரத்தில் எனக்குப் பயம் வந்தது. மரணப் பயம் அல்ல, ரொறன்ரோப் பயம். திரையில் நூற்றிப் பதினெட்டு. கம்பியில் இருந்த வலக்கையைப் பார்த்தேன். மணிக்கூடு எழுபத்தாறு என்றது. கை ஆடவில்லை அல்லவா, ஆகவே அதன் கணக்கில் நான் கட்டிலில் கிடக்கிறேன். நெஞ்சு ஓடாதபோது ஓடுகிறது என்றது, ஓடும்போது தூங்குகிறது என்றது. மூச்சிரைப்போடு சிரித்துவிட்டேன். டொக்டர் பயந்துபோய்ப் பட்டியை நிறுத்தப் போனார்.

"நெஞ்சு நோகுதோ ஐயா?"

"இல்லை. விடுங்கோ, ஓடட்டும்."

உச்சத்தில் பத்தில் எட்டரைப் பங்கு, நூற்றி இருபத்தொன்று, வந்ததும் போதும் என்றார். மட்டக்கோடு இறங்கவில்லை. வயதுக்கு நல்ல இருதயம் என்று எழுதித் தந்தார்.

வீட்டுக்கு வந்து களிம்பைக் கழுவுவதற்காக மணிக்கூட்டைக் கழற்றினேன். மணிக்கட்டில் வட்டமாக அதன் அச்சு. வட்டத்துக்குக் குறுக்கே, விளக்கும் கண்ணும் இருக்கும் இடத்துக்கு நேரே, முறுக்கு முறுக்காக இன்னொரு அச்சு. கேதார கௌரி விரதம் முடிய ஐயர் கட்டிவிட்ட காப்பு நூல். இருபத்தொரு இழை, இருபத்தொரு முடிச்சு. ஆண்களுக்கு வலக்கையில் கட்டுவது. அடுத்த விரதத்துக்குப் புதுக்காப்புக் கட்டும்வரை கழற்றக் கூடாது. நான் அதன் மேலேயே மணிக்கூட்டைக் கட்டியிருக்கிறேன். நூல் ஒரு பக்கத்தைத் தூக்கி வைத்திருக்க, பச்சை வெளிச்சம் வெளியே ஒழுகியிருக்கிறது, வெயில் உள்ளே புகுந்திருக்கிறது. பலா மரம் என் கையிலேயே நின்றிருக்கிறது. செய்தவனுக்கு இப்படியும் ஒரு கை உலகத்தில் இருக்கும் என்று தோன்றியிருக்காது. பதினெட்டுத் துளை குத்தத் தெரிந்தது.

மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அறிக்கையையும் அனுப்பினேன். அழைப்பு வந்தது.

"அப்ப அந்த நூலை வெட்டிப்போட்டுக் கட்டுங்கோவன் அப்பா."

மனைவி ஃபோனை என் கையிலிருந்து பறித்தாள். "வெட்டுறதோ? அது ஐயர் கட்டினது. உன்ர மணிக்கூட்டை வெட்டு."

"அம்மா, நான் சொன்னது..."

"நான் இருபத்தொரு நாள் ஒரு நேரச் சாப்பாட்டோட இருந்தது கொப்பற்ற நெஞ்சுக்காகத்தான். உன்ர பச்சை லைற் விரதம் இருந்ததே?"

கடைசியில் நான் விட்டுக்கொடுத்தேன். சாவி மணிக்கூட்டைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, மற்றதை இடக்கையில், வெறுந்தோலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தேன். எண்ணிக்கை ஆறுதலாக ஏறி, தொண்ணூற்றெட்டில் நின்றது. கழுத்தில் எண்ணினேன். ஒத்துவந்தது. சரியான இடத்தில் வைத்தால் கருவி சரியாகச் சொல்லும். எனக்கு இது வேலையின் முதல் நாளே படித்த பாடம், மகளுக்குத்தான் இப்போது படிக்க வேண்டியிருந்தது.

வீடு திரும்ப ஃபோன் அடித்தது.

"அப்பா, ஏன் இண்டைக்கு நடக்கேல்லை? சிவப்பே இல்லை. சுகமில்லையோ?"

"நடந்தனான் பிள்ளை. தெகிவளை எல்லை வரைக்கும் போய் வந்தனான்."

"தொண்ணூற்றெட்டுத்தானே காட்டுது?"

"அதுதான் என்ர நெஞ்சு. நீ இவ்வளவு நாளும் என்ர சப்பாத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனி."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "சரி அப்பா" என்றாள். "நான் சொன்ன சொல்லு சொல்லுத்தான். வீடு இருக்கட்டும். ஆனால் மணிக்கூட்டைக் கழட்டாதேங்கோ."

வீடு பார்க்க வரவிருந்தவர்களுக்கு அவள் சொல்வதாகச் சொன்னாள். நான் காத்திருக்கவில்லை. அவர்களுடைய ஃபோன் இலக்கம் என்னிடம் இருந்தது. எடுத்து, வீடு விற்பனைக்கு இல்லை என்றேன். ஏன், ஏதும் பிரச்சினையா, பத்திரத்தில் சிக்கலா என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஒன்றுமில்லை, வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்றேன்.