அக்கா பார்த்த வரிக்கணக்கு

நெதர்லாந்தின் லேவார்டன் ஊரில் வீட்ஸ்கே கல்யாணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைத்தாள். முதலாளி கிடையாது என்பதால் வரிக்கணக்கும் அவள் பாடுதான். முதல் வருஷம் தானே போட உட்கார்ந்தவள், திரையைப் பார்த்து அழுதுவிட்டாள். வெளியாளை வைத்துக்கொள்ள வசதியில்லை. அக்கா யெல்ச்சே கணக்காளர்.

"குடு, நான் பாத்துக்கறேன். கூட்டல் கழித்தலே உனக்கு வராது."

மூன்று வருஷம் அக்காதான் பார்த்தாள். மூன்று வருஷமும் வரி கட்டுவதற்குள் வீட்ஸ்கேவுக்கு நாக்குத் தள்ளிப்போயிற்று. கடைசியில் ஸ்டூடியோவைக் காலி செய்து, கேமராவை விற்று, சூப்பர்மார்க்கெட் கல்லாவில் போய் உட்கார்ந்தாள்.

தொழிலை மூடக் கடைசிக் கணக்கு ஒன்று பாக்கி. அக்கா ஸ்பெயினில் விடுமுறையில் இருந்ததால், ஹார்மன் என்ற வேறொரு கணக்காளரிடம் போனாள். பழைய கணக்குகளைப் பார்த்த அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு வரியில கழிவு உண்டே. மூணு வருஷமா ஏங்க கேக்கல? பாதி வரிகூட வந்திருக்காது."

ஊர் திரும்பிய அக்காவிடம் கேட்டாள். யெல்ச்சே காபியைக் கீழே வைக்கவில்லை.

"தெரிஞ்சுதான் விட்டேன். வரி கம்மியாயிருந்தா இன்னும் பத்து வருஷம் அந்தக் கேமராவக் கட்டிட்டு அழுதிருப்ப. இப்ப மாசமானா சம்பளம் வருதுல்ல? நீ எனக்கு நன்றி சொல்லணும்டி."

வீட்ஸ்கே எழுந்து வந்தாள்.

அம்மாவின் பிறந்தநாள் வந்தது. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் கேக் தட்டும் கையுமாக உறவும் அக்கம்பக்கமும். அதில் பாதிப் பேர் யெல்ச்சேயிடம் கணக்குக் கொடுப்பவர்கள். வீட்ஸ்கே நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"உங்க கணக்கையும் ஒரு தடவ வேற யார்கிட்டயாவது காட்டிப் பாருங்க. உங்களையும் அக்கா திருத்திட்டிருக்காளோ என்னமோ."

"இன்னிக்குத்தானா இது?" என்றாள் அம்மா.

"பொய்யின்னு அவள சொல்லச் சொல்லும்மா."

எல்லோரும் திரும்பிப் பார்க்க, யெல்ச்சே கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் கணக்குக் கொடுக்கும் பேக்கரிக்காரர் தட்டை வைத்துவிட்டுக் கிளம்பத் தன் மேல்கோட்டை எடுத்தார்.

மற்றவர்களின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இருந்தும் ஒவ்வொருவராக விலகினார்கள்; குளிர்காலத்துக்குள் யெல்ச்சே அலுவலகத்தை மூடினாள். ஹார்மன் வரி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டதில் வீட்ஸ்கேவுக்குக் கூடுதலாகக் கட்டிய வரி திரும்பி வந்தது. புதுக் கேமரா வாங்கினாள். கல்யாணத்துக்குப் படம் எடுக்க அவளைக் கூப்பிடத்தான் ஆளில்லை. சொந்த அக்காவையே சபையில் நிறுத்தியவளை வீட்டு விசேஷத்துக்குள் விட ஊருக்குப் பயம்.

இப்போதும் கல்லாவில்தான் இருக்கிறாள். யெல்ச்சே சாமான் வாங்க வந்தால், எவ்வளவு நீளமானாலும் பக்கத்து வரிசையில் போய் நிற்கிறாள்.