முர்ரே வாத்தியாரின் அரை நொடி

ஆஸ்திரேலியாவில் ஜீலாங் நகரத்து பப்புகளில் முப்பத்தோரு வருஷம் பேஸ் கிடார் வாசித்த முர்ரே ஹாப்குட்டை அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. பாடகனைத் தெரியும், டிரம்ஸ்காரனைத் தெரியும். ஓரமாக நின்று நாலு தடிக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்த நெட்டை மனிதரை, வேன் ஓட்ட வந்தவர் என்றே பலர் நினைத்தார்கள். அதிலும் தப்பில்லை, வேனை ஓட்டியதும் அவர்தான். ஒருமுறை சுவரொட்டியில் இடம் போதவில்லை என்று மூன்று பேர் பெயரோடு நிறுத்திவிட்டார்கள். "நல்லதாப் போச்சு, தப்பா வாசிச்சாலும் யாருன்னு தெரியாது" என்று முர்ரேயே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

பாடகனுக்கு இடுப்பெலும்பு மாற்றியதும் பேண்டு கலைந்தது. முர்ரே துணி துவைக்கும் அறையில் லேப்டாப்பை வைத்து, வீடியோ காலில் பாடம் எடுக்க ஆரம்பித்தார். பின்னால் வாஷிங் மெஷின் கடகடத்து ஓடியபோது, அதை அவர் வாசிப்பு என்று நினைத்த ஒரு மாணவன், "அந்தத் தாளத்தை எனக்கும் சொல்லித் தாங்களேன்" என்றான். முர்ரே மறுக்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது, மெஷினுக்குப் போகட்டும் என்று விட்டுக்கொடுக்க மனம் வருமா?

அப்படி வந்து சேர்ந்தவர்தான் லினெட் நோஸ்கி. வயது ஐம்பத்தெட்டு. வடக்கே மாலீ கோதுமைக் காட்டில் வெர்ரிங்கா என்ற சின்ன ஊர். வீட்டைச் சுற்றி எட்டு மைலுக்கு மனித வாடையே கிடையாது. கூரைமேல் இருக்கும் சாட்டிலைட் தட்டுதான் இன்டர்நெட்.

முதல் பாடத்திலேயே அந்தம்மா விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். "அக்டோபர்ல எங்க ஊர் விவசாயக் கண்காட்சி. அன்னிக்கு சாயங்காலம் மண்டபத்துல டான்ஸ். எங்க பேண்டுல பேஸ் வாசிச்சவன் பெர்த்துக்குப் போயிட்டான். முப்பது வருஷமா அந்த மண்டபத்துச் சமையல்கட்டுல நின்னு சாண்ட்விச் வெட்டிக்கிட்டிருக்கேன், முர்ரே. ஒரு வருஷமாவது மேடையில நிக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, கத்தியைத் தீட்டப் போயிடறேன்."

"முடியாம என்ன? பதினாலு பாட்டுதானே?" என்றார் முர்ரே. வாய்க்கு வாடகையா கொடுக்கிறோம்!

லினெட் கெட்டிக்காரி. விரல் சீக்கிரம் படிந்துவிட்டது. ஒரே குறைதான்: முர்ரே கூடச் சேர்ந்து வாசித்தால் எப்போதும் பிந்தினார். தாளத்துக்கு மெட்ரோனோம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முர்ரேக்கு அந்த டிக்டிக் பெட்டியே ஆகாது. "அது குமாஸ்தாவுக்கு. நீங்க என்கூட வாசிங்க, நான்தான் உங்க கடிகாரம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார்.

"லேட்டு, லினெட். இன்னும் லேட்டு."

"நீங்க வாசிக்கிற அதே நேரத்துலதானே வாசிக்கிறேன்!"

"அங்கதான் தப்பு. நான் வாசிச்சது காதுல விழற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அதுக்கு முன்னாடியே உங்க விரல் விழணும். பேஸ்காரி யாருக்காகவும் காத்திருக்க மாட்டா!"

இது அவருக்கே அவ்வளவு பிடித்துப்போய், தாளில் எழுதி மெஷினுக்கு மேலே ஒட்டிவைத்தார். நாலு மாதம் மல்லுக்கட்டியபின் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினாலு பாட்டும் முர்ரேயோடு இம்மி பிசகாமல் வந்து உட்கார்ந்தன. ஆள் மிதந்தார். தன் விளம்பரத்தில் 'தாளக்கட்டில் நிபுணர்' என்று ஒரு வரி சேர்த்தார். அவர் மனைவி ஷெரில் அதைப் படித்துவிட்டு, "பல் டாக்டர் கிட்ட நேத்திக்கு நாப்பது நிமிஷம் லேட்டாப் போன ஆளுதானே நீ?" என்றாள்.

அக்டோபரில் இருவரும் நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வெர்ரிங்காவுக்குப் போனார்கள். அந்த ஊர்ப் பேண்டுக்கு ஒத்திகையெல்லாம் வழக்கமில்லை. ஆளுக்கொரு பண்ணை, இருபது வருஷமாக அதே பதினாலு பாட்டு. டான்ஸ் அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடி ஒரு பாட்டை ஓட்டிப் பார்ப்பதோடு சரி.

டிரம்ஸில் ரெக்ஸ், டிராக்டர் மெக்கானிக். குச்சியைத் தட்டி நாலு எண்ணினான். மூன்று எண்ணும்போதே லினெட் புறப்பட்டுவிட்டார்! ரெக்ஸ் அவரைப் பிடிக்க ஓடினான். லினெட்டுக்கோ தான்தான் பிந்துகிறோம் என்று பயம், இன்னும் முந்தினார். வேலி திறந்த பட்டிபோலப் பாட்டு சிதறி ஓடியது. கிடார்காரன் வாசிப்பதை நிறுத்தி வேடிக்கை பார்த்தான்.

"லினெட், நாங்க எல்லாரும் இங்க இருக்கோம். நீ யார்கூட வாசிக்கிற?" என்றான் ரெக்ஸ்.

"நான் லேட்டா?" என்று லினெட் முர்ரேயைப் பார்த்துக் கேட்டார்.

முர்ரேக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஷெரில்தான் அவர் விலாவில் இடித்தாள். "லண்டன்ல இருக்கிற எங்க அக்காகூட வீடியோல பேசறப்ப, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி முட்டிக்குவோமே. எதுக்கு? அங்கேருந்து பேச்சு வந்து சேர நேரம் ஆகுது. இவங்க வீட்டுல சாட்டிலைட் வேற. தாளக்கட்டு நிபுணருக்கு இது தெரியாதா?"

முர்ரே மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் வாசித்தது வானம் வரை போய் லினெட் வீட்டில் இறங்க அரை நொடி. லினெட் சரியாகச் சேர்ந்து வாசித்தது திரும்பி வர இன்னொரு அரை நொடி. லேட்டாக இருந்தது தட்டு, அந்தம்மா அல்ல. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். இங்கே நன்றாக ஆடத் தெரிந்தவளுக்குக் கூடத்தைக் கோணலாக்கிக் கொடுத்தவர் முர்ரே.

"பரவாயில்ல விடு லினெட்," என்றான் ரெக்ஸ், நல்ல மனசோடுதான். "பேஸை கீபோர்டுல சமாளிச்சுக்கறோம். உள்ள சாண்ட்விச்சுக்கு ஆள் பத்தலையாம்."

லினெட் கிடார் வாரைத் தோளிலிருந்து கழற்றினார். இப்போது முர்ரே வாயை மூடிக்கொண்டால் அவர் மானம் தப்பும். அந்தம்மா மட்டும் தனக்குத் தாளம் வராது என்று நம்பிக்கொண்டு சாகும்வரை ரொட்டி வெட்டுவார்.

"கழட்டாதீங்க!" என்று கத்திக்கொண்டே முர்ரே மேடையேறினார். "தப்பு என்னுது. இவங்க முதல் நாளே சரியாத்தான் வாசிச்சாங்க. சாட்டிலைட் லேட்டா கொண்டுவந்ததை இவங்க லேட்டுன்னு நினைச்சு, முட்டாள்தனமா முந்த வெச்சுட்டேன். முப்பத்தோரு வருஷம் வாசிச்சும் இந்த மரமண்டைக்கு அது உறைக்கல."

மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரை சிரித்தார்கள். லினெட் சிரிக்கவில்லை. "நாலு மாசம், முர்ரே," என்றார். "டிராக்டர்லகூட முந்தி முந்தித் தாளம் போட்டேன்."

"திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம். இங்க வாங்க." பெரிய டிரம்மை முழங்கால் உரசும்படி அந்தம்மாவை நிறுத்தினார். "நான் சொன்னதையெல்லாம் மறந்துடுங்க. ரெக்ஸ் பெடலை மிதிச்சா டிரம் அதிர்ந்து உங்க காலை உதைக்கும். உதைக்கிறப்போ வாசிங்க. அதுக்கு முன்னாடி வேண்டாம்."

முதல் தடவை சொதப்பியது. ஐந்தாவது தடவை பாதிப் பாட்டு வரை சேர்ந்து வந்தது. ஆறரைக்குக் கதவைத் திறக்க வேண்டியிருந்ததால் ஆறாவது தடவைக்கு நேரமில்லை. ரெக்ஸ் பெருமூச்சு விட்டு, "சரி, நில்லு. பார்ப்போம்" என்றான்.

சமையல்கட்டில் ஆள் குறைந்தது நிஜம். சுவரில் வேலைப் பட்டியலில் 'லினெட் – சாண்ட்விச்' என்று பழக்கதோஷத்தில் எழுதியிருந்தார்கள். யாரும் சொல்லாமலே முர்ரே ஏப்ரனை மாட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெண்மணி அவர் கைவேகத்தைப் பார்த்துவிட்டு, "லேட்டு, லேட்டு. லினெட்டா இருந்தா இதுக்குள்ள நாலு தட்டு போயிருக்கும்" என்றாள்.

ஏழு மணிக்குப் பாட்டு தொடங்கியது. உணவு நீட்டும் ஜன்னல் வழியாக டிரம்ஸ் வந்தது, பேஸும் அதனோடு சேர்ந்தே வந்தது. இத்தனை மாதப் பாடத்தில் லினெட் வாசித்ததை வாசித்த நேரத்திலேயே அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. ஜனங்கள் ஆடினார்கள். பேஸ் யார் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு சரியாக இருந்தது.

முர்ரேக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின்மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தால், அவர் வெட்டிக்கொண்டிருந்தது வெள்ளரிக்காய்.